சிரித்தவன் ஏறிய பேழை

மேகம் ஒன்றுகூட இல்லாத ஒரு ஜூலை ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, யெரெவானில் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் பிரளயம் வந்தது. நான் கட்டிய பேழை ஒரு மனிதனையும் இரண்டு பூனைகளையும் காப்பாற்றியது. நம்ப வேண்டாம், அவசரமில்லை.

முப்பத்தெட்டு வருடம் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஜன்னலைத் திறந்தால் எதிரே அராராத் மலை. நோவா இறங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவரைப் பற்றி ஒரு நாவல்கூட எழுதாமல் சாவதா? பதினோரு மாதம் திட்டம் போட்டேன். பேழைக்குள் எப்படி மூச்சு முட்டும் என்று தெரிய வேண்டாமா? ஆப்ரிகாட் பெட்டிப் பலகைகளை அடித்து, தார் பூசி, முற்றத்தில் ஒரு பேழையே கட்டினேன். யானை நுழையும். சரி, யானைக்கன்று. என் மனைவி ஷுஷான் அதைக் கோழிக்கூண்டு என்றாள். எதிர்க் கட்டடத்துப் பார்கேவ் சிரித்த சிரிப்பில் மலைப்பனி இரண்டு அடி சரிந்தது.

அந்தப் பார்கேவிடம்தான் என் நாவல் திட்டம் இருந்தது. ஒரே ஒரு பழுப்பு நோட்டு, பேனா மையில் எழுதியது. பதிப்பகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவன் அவன். அவன் என்னோடு உட்காராவிட்டால் நாவல் நோட்டோடு நின்றுவிடும். எனக்கு முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்றே தெரியாது.

எல்லாம் பிடித்திருந்தது அவனுக்கு, ஏழாம் அத்தியாயத்தைத் தவிர. அதில் நோவாவைக் கேலி செய்த ஒருவன் மழையில் ஓடிவந்து கதவைத் தட்டுகிறான். நோவா உள்ளே விடுகிறார்.

"வேதத்துல இல்ல, போகட்டும். மனுஷ சுபாவத்துலயும் இல்லையே, செத்ராக். ஊர் முன்னாடி சிரிச்சவன் செத்தாலும் வந்து தட்ட மாட்டான். அதை எடுத்துடு."

"அதை எடுத்தா நாவலே இல்லய்யா!"

"அப்ப ஞாயித்துக்கிழமை நோட்டைத் திருப்பித் தரேன். உன் கோழிக்கூண்டுல வச்சுக்கோ."

அந்த ஞாயிறு வர்தவார். ஈஸ்டரைப் பின்தொடர்ந்து தேதி மாறும் பண்டிகை. பார்கேவ் மாதிரி புத்தகத்துக்குள் குடியிருப்பவன்தான் அதை மறக்க முடியும். அன்று யார் யார் தலையில் தண்ணீர் கொட்டினாலும் கோபிக்கக் கூடாது. பாதிரியாருக்கும் விலக்கில்லை. நான் நனையாமல் பேழைக்குள் உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்துக்குத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பூனைகள் எனக்கு முன்பே ஏறியிருந்தன.

பலகை இடுக்கில் பார்த்தால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் என் நோட்டு, முற்றத்தின் நடுவில் பார்கேவ்! மேலே நாற்பது பால்கனிகளில் நாற்பது பெண்கள். (அவனைக் கேட்டால் ஒன்பது என்பான்.) மூன்றாம் மாடியில் என் ஷுஷான், துணி ஊறவைக்கும் தொட்டியோடு.

"பார்கேவ், ஓடிடு!" என்று கத்தினேன். அதற்குள் வானம் கவிழ்ந்தது.

அவன் வந்த வழியே ஓடியிருக்கலாம். ஆனால் அது தூரம், நோட்டு கரைந்துவிடும். அதை வயிற்றோடு அணைத்து, குனிந்து, முதுகில் பிரளயத்தைச் சுமந்துகொண்டு நேரே என்னிடம் வந்தான். தட் தட் தட்.

"யாரு?"

"நான்தான்யா, திற!"

"நான்தான்னா? சிரிச்சவனா?"

"ஆமா, சிரிச்சவன்தான்! ஊரே பாக்குது, திறந்து தொலை! உன் நோட்டு நனையுது!"

"வேதப்படி கதவைச் சாத்தினது ஆண்டவராச்சே, நான் எப்படி..."

"செத்ராக்!"

திறந்தேன். நாற்பது பால்கனியும் கைதட்டியது. அவன் மூக்கு நுனியில் சொட்டியதை ஒரு பூனை நக்கிப் பார்த்தது. நோட்டில் ஓரம் மட்டும் ஈரம்.

பார்கேவ் ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினான். ஓரத்தில் 'நடக்காது' என்று அவனே எழுதியிருந்தான். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, உதறி, அந்தச் சொல்லை அடித்துவிட்டான்.

"எழுது. முற்றுப்புள்ளிய நான் வச்சுக்கறேன்," என்றான். பிறகு தலையைத் துவட்டியபடி, பூனைகளுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னான்:

"நடந்துச்சுய்யா."