கம்ப்யூட்டருக்குப் புதுசு போட்ட கதை

வீட்டில் யார் எதைத் தொட்டாலும் அவள் பொறுத்துக்கொள்வாள், முன்னறையில் இருந்த அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர. காலையில் ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதும் அது முனகிக்கொண்டுதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே. பக்கத்தில் நிற்கும் எம்பிராய்டரி மெஷினுக்கு எந்த டிசைனை எந்த நிறத்தில் தைக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அவளுக்கென்று ஒரு வருமானமும் ஒரு மரியாதையும் வந்தது அந்த இரண்டாலும்தான்.

லீவுக்கு வந்திருந்த கொழுந்தனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கை சும்மா இருக்குமா?

"அண்ணி, இவ்வளவு பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை இன்னும் கட்டிக்கிட்டு அழுறீங்களே. புதுசு போட்டுத் தரேன், பறக்கும் பாருங்க."

"பறக்க வேணாம்ப்பா, ஊர்ந்தா போதும். ஸ்கூல் பேட்ஜ் அத்தனையும் திங்கக்கிழமை கொடுத்தாகணும். கைய வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு."

அவன் சிரித்தான். அவள் நூல் வாங்கக் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் நிஜமாகவே பறந்துகொண்டிருந்தது. திரையில் மலை என்ன, ஏரி என்ன, ஒரே பளபளப்பு. மெஷின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். மறுபடியும் பிடுங்கிச் செருகினாள். 'அறியாத கருவி' என்றது திரை. இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டு கிடந்ததை இப்போது தெரியாதாம்!

"பழைய மாதிரியே ஆக்கிடுடா."

"முடியாது அண்ணி. டிஸ்க்ல இடம் பத்தலைன்னு பழசை அழிச்சுட்டேன்."

மெஷினை விற்றவன் கடையைக் கட்டிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவன் போட்டுக் கொடுத்த புரோகிராமை இனி யாரிடம் போய்க் கேட்பது? கொழுந்தனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். படித்தவன் என்றாள், படித்து என்ன கிழித்தாய் என்றாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"விடேன், பாவம். நல்லதுக்குத்தானே செஞ்சான்," என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மெஷின் ஓடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியாதாடா?"

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"தெரியும் அண்ணி. இந்த மெஷின் புதுசுல வேலை செய்யாது, தொடரலாமான்னு கம்ப்யூட்டரே கேட்டுச்சு. நான் நிறுத்திட்டேன். அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டினேன். உங்ககிட்ட பேசியாச்சு, நீங்க வேற மெஷின் வாங்கப் போறீங்க, தைரியமா போடுன்னாரு. பழசை அழிக்கவான்னும் கேட்டேன். அதுக்கும் சரின்னுட்டாரு."

வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

"பின்ன என்ன? பெல் அடிச்சதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தா, வந்தவன் 'பேட்ஜ் தைக்கிறவங்க இல்லையா'ங்கிறான். இந்த வீட்டுல நான் ஒருத்தன் இருக்கிறதே எவனுக்கும் தெரியலை. போதும், இனிமேயாவது வீடு வீடா இருக்கட்டும்."

கரண்ட் பில் கட்ட மறப்பார், பிள்ளை எந்த வகுப்பு என்பதை மறப்பார். ஞாபகமறதிக்காரர், என்ன செய்வது என்று இத்தனை காலமும் அவள்தான் அவருக்காகப் பரிந்து பேசி வந்தாள். அவள் பிழைப்பில் மண்ணைப் போடும்போது மட்டும் மனுஷன் ஒன்றையும் மறக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டு, யோசித்து, இரண்டு தடவை சரி சொல்லியிருக்கிறார். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துவதற்குத்தான் தெம்பில்லை.

"அந்தப் பெட்டிகூட செய்யறதுக்கு முன்னாடி கேட்டிருக்கு. உங்களுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்ப?" என்றார் அவர்.