நான் பக்கத்தில் இருந்ததாக எழுதிய கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னது நான்தான். முதல் பிரதியின் முதல் வரி: "ஊசி குத்தும்போதெல்லாம் மகளின் கையைப் பிடித்தபடி அப்பா பக்கத்திலேயே..."

அடித்துவிட்டேன். நான் பக்கத்தில் இருந்ததே இல்லை.

2

மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில் நோயைக் கண்டுபிடித்தார்கள். (அதன் பெயரை எழுதிக் காட்டிய டாக்டரே எழுத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். அவ்வளவு அபூர்வம்.) உடம்பில் சுரக்க வேண்டிய ஒன்று சுரக்காது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, நாலு மணி நேரம், மருந்து சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். ஆயுள் முழுக்க. அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்காது. வீட்டிலிருந்து எழுதிப் பிழைக்கும் நான்தான் கூட்டிப்போவேன்.

நர்ஸ் நரம்பு தேடத் தொடங்கியதும், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க சார்" என்று வராந்தாவுக்குப் போய்விடுவேன். பிளாஸ்திரி ஒட்டிய பிறகு சிரித்த முகமாகத் திரும்புவேன். "அழவே மாட்டா, தங்கம்" என்பார் நர்ஸ். எனக்குப் பெருமை வேறு.

(இங்கே என் பக்க நியாயமாக ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

3

போன மாதம் மருத்துவமனையின் மனநல ஆலோசகர் மகளிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட சொல்லலாம்னு அவளே சொன்னா. ஊசியைவிட எது கஷ்டம்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'அப்பா பொய் போன் பேசிட்டு சிரிச்சுக்கிட்டே வருவார். அப்ப நானும் சிரிக்கணும்'னு சொன்னா. நாலு வருஷமா அவதான் சார் உங்களைப் பாத்துக்கிறா."

காது மடல் சுட்டது. (இதற்கு ஓர் உவமை தேடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவும் வெட்கக்கேடுதான்.)

4

அடுத்த தடவை நான் நகரவில்லை. "அழணும்னா அழு, பாப்பா" என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். முதல் குத்தில் நரம்பு நழுவியது. மகள் அழுதாள். நாலு வருஷத்து அழுகை. "வேணாம்ப்பா, வலிக்குதுப்பா!" பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"என்னடா இது, நல்ல பொண்ணாச்சே நீ?" என்றார் நர்ஸ்.

இரண்டாம் பிரதியில் நான் சொல்வது: "அழட்டும், சிஸ்டர்."

உண்மையில் சொன்னது: "சாரி, சிஸ்டர்."

மகள் சட்டென்று நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள்.

5

ஒரு முடிவில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்; அவள் மன்னித்துவிடுகிறாள். பாவம், அந்த வேலையும் அவள் தலையில்தானா? இன்னொன்றில் அவள் மன்னிக்கவில்லை. நான் மிக அழகாக அழுகிறேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அன்று மருந்து ஏறி முடியும்வரை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரியும். அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுவரைதான் வந்திருக்கிறது:

"பாப்பா, அன்னைக்கு நான்..."

உங்களுக்குப் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதை முடித்துக் கொடுங்கள். அடுத்த ஊசிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.