புல்லுக்குக் கிடைத்த வெறுந்தரை

1

"ஏம்மா, நீ மட்டும் ஏன் பாதியிலயே படிப்ப விட்டுட்ட?"

அக்காவோடு வேலை பார்ப்பவர் வீட்டுக்கு வந்தபோது தங்கையிடம் கேட்டது இது. கதை பிறந்த இடமும் இதுதான். தங்கை வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்: "அவளுக்குப் படிப்பு ஏறல சார்."

ஏறவில்லையாம்! அம்மா படுக்கையில் விழுந்த வருடம், அக்காவின் கல்லூரி கெடக்கூடாது என்று தங்கையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அந்த ஒரு வாக்கியத்தை அக்கா தன் வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

(அந்தத் தங்கை யார் என்று துருவாதீர்கள். எழுதுகிறவளுக்குக் கூச்சம். 'நான்' என்று போட்டால் பேனா நின்றுவிடுகிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கினாள்: "ஒரு காட்டில் ஓர் உயர்ந்த மரமும் ஒரு சின்னப் புல்லும்..."

சீ, நீதிக்கதை நாற்றம். அடித்தாயிற்று.

அடுத்து: "அக்கா ஒரு கல்நெஞ்சுக்காரி. அவள்..."

இதுவும் பொய். தங்கைக்கு ஜுரம் வந்தால், மருந்து உள்ளே இறங்கும்வரை இடத்தைவிட்டு நகராதவள் அக்கா.

சரி, அவள் வேலையிலிருந்தே தொடங்குவோம். அக்கா கணினிக்குள் செடி வளர்க்கிறாள். உயரம், இலையின் தடிமன், வேரின் ஆழம் என்று ஒவ்வொன்றுக்கும் குணம் எழுதிக் கொடுப்பாள். பிறகு மழையையும் வெயிலையும் அவிழ்த்துவிட்டு மோதவிடுவாள். வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் அடிபிடி. எது எங்கே பிழைக்கிறதோ, அதன் நிறம்தான் வரைபடத்தில் அந்த இடத்துக்கு. ஈரமான பக்கம் மரம் ஓங்கும். புல் அதன் நிழலில் செத்துப்போகும். காய்ந்த பக்கம் புல்தான் ராணி.

[அக்காவை இவ்வளவு நல்லவளாகக் காட்டினால் கோபம் எங்கே போய் நிற்கும் என்று எழுதுகிறவளுக்கே சந்தேகம். பொறுங்கள், வருகிறது.]

3

அன்றைக்கே, அக்காவின் கணினித் திரையில் மரத்தின் பச்சை பரவுவதைப் பார்த்த சார் கேட்டார்: "மரத்த முன்னாடியே வளர விட்டுட்டீங்களோ? அப்ப அது ஜெயிக்கத்தானே செய்யும்?"

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"சேச்சே! எல்லாத்தையும் வழிச்சு வெறுந்தரையாக்கிட்டுத்தான் சார் ஆரம்பிப்பேன். ஒரே நாள்ல விதைப்பேன். மரத்துக்கு எத்தன விதையோ, புல்லுக்கும் அத்தன. இல்லன்னா அது போட்டியா? அக்கிரமம்ல?"

தேநீர்க் கோப்பைகளோடு நின்றிருந்த தங்கையின் காது கொதித்தது.

"அக்கா."

"என்னடி ஊமைக்கோட்டான், அதிசயமா வாயத் திறக்குற?"

"புல்லுக்கே வெறுந்தரை குடுக்குறியே. எனக்கு யாரு குடுத்தா?"

சார் தன் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஏறலன்னு சொன்னல்ல? ஏற விட்டீங்களா? நிறுத்திட்டோம்னு சொல்லு. சார்கிட்ட சொல்லு. அது போதும் எனக்கு."

4

முடிவு ஒன்று: அக்கா கட்டிப்பிடித்து அழுகிறாள். (எழுதிப் பார்த்தாள். காகிதமே நமட்டுச் சிரிப்புச் சிரித்தது.)

முடிவு இரண்டு: புத்தகப் பையோடு தங்கை மறுபடியும் பள்ளி வாசலில்... (வேண்டாம். ஆசையை முடிவு என்று விற்பது மோசடி.)

முடிவு மூன்று: ஈர நிலத்தில் புல் மரத்தை ஜெயிக்கிறது. (அக்காவின் வரைபடமே ஒப்புக்கொள்ளாது.)

அந்த வாக்கியத்துக்காக இங்கே ஒரு வரி காலியாகக் கிடக்கிறது:

. . . . . . . . . . . . . . . . . . . .

இரக்கப்பட்டு நீங்கள் நிரப்பிவிடாதீர்கள். அது அக்கா சொல்ல வேண்டியது.

நடந்ததை மட்டும் எழுதலாம். அக்கா திரையைப் பார்த்தாள். அதில் எல்லாம் துடைக்கப்பட்டு, அடுத்த போட்டி வெறுந்தரையிலிருந்து தொடங்கியிருந்தது. அவள் உதடு பிரிந்தது. முதல் எழுத்து வந்துவிட்டது என்றே நா— தங்கை நினைத்தாள்.

அக்கா எழுந்தாள். அவசரத்தில் கால் செருப்புக்குள் நுழைய மறுத்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள்.