இதர செலவு

கோகிலவாணி கணக்குப் போட உட்கார்ந்துவிட்டால் அவள் அப்பா தீர்த்தகிரி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். மகள் என்னவோ கலெக்டர் ஆபீஸ் கோப்பில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்வார். அத்தனை மரியாதை. இருக்காதா பின்னே? மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்கிப் படிக்கவைத்த பெண், காலேஜில் கடைசி வருடம் முடிவதற்குள்ளேயே ஓசூரில் ஒரு கம்பெனி வேலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜூலை ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும்.

வேலை கிடைத்தது சரி. போய்ச் சேர்கிற நாளுக்கும் முதல் சம்பளம் கைக்கு வருகிற நாளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதைப் பற்றி எந்த வாத்தியாரும் வாயைத் திறப்பதில்லை. போன வருடம் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போன ஜாஸ்மின்தான் போன் பண்ணிச் சொன்னாள்.

"ஏ கோகி, மொத மாசச் சம்பளம் மொத மாசமே வந்துரும்னு நெனச்சுக்காத. எனக்கு ரெண்டாவது மாசக் கடைசிலதான் வந்துச்சு. ஹாஸ்டல்ல ரெண்டு மாச அட்வான்ஸ் கேப்பாங்க. அங்க போயி யார்கிட்டயும் கையேந்திக்கிட்டு நிக்காத. இப்பவே எடுத்து வெச்சுக்கோ."

அன்றைக்குப் போன தூக்கம்தான். பீன்ஸ் விற்ற காசு முப்பதாயிரத்தை அப்பா அவள் அக்கவுண்டில் போட்டிருந்தார். அதற்கு மேல் ஒரு பைசா வரப் போவதில்லை. கோகிலா போனில் கட்டம் கட்டினாள். ஹாஸ்டல் அட்வான்ஸ் ஒரு கட்டம், சாப்பாடு ஒரு கட்டம், ஆபீசுக்குப் போட்டுப்போக ரெண்டு செட் துணி, ஒரு ஷூ, பஸ் காசு. எல்லாம் போக மிஞ்சின நாலாயிரத்தை 'இதர செலவு' என்று ஒரு கட்டத்தில் போட்டு மூடினாள். மூடியதை அவள் திறக்கவே மாட்டாள். வகுப்பே ஏற்காட்டுக்கு டூர் போனபோது தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பிரிவு விழாவுக்குத் தோழியின் பழைய புடவையைக் கடன் வாங்கிக் கட்டினாள். சாயங்கால டீயை நிறுத்தினாள். தன் வாயைக் கட்டிச் சேர்க்கிறவளைக் கஞ்சம் என்று யார் சொல்ல முடியும்? நானும் சொல்ல மாட்டேன்.

அந்த நாலாயிரத்தின்மேல்தான் கலைமணியின் கல்யாணம் வந்து விழுந்தது.

கலைமணி, அப்பாவின் அக்கா முனியம்மாளுக்கு ஒரே மகள். ஊர் கம்பைநல்லூர். கோகிலா ஆறாவது படிக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்துவிட, அத்தை முனியம்மாள்தான் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு வருடம் வைத்துக்கொண்டாள். காலையில் ரெண்டு பெண்களையும் வரிசையாக உட்காரவைத்து ஒரே சீப்பில் தலை வாரிவிடுவாள். கோகிலாவுக்கு முதலில், கலைக்கு அப்புறம். "எனக்கு ஏன் எப்பவும் ரெண்டாவது?" என்று கலை சிணுங்கினால், "உனக்கு அம்மா இருக்கா இல்ல, கம்முனு இரு" என்பாள். அப்படிப்பட்ட அத்தை.

பத்திரிகை வைத்துவிட்டு அத்தை போனதும் தீர்த்தகிரி மெல்ல ஆரம்பித்தார்.

"பாப்பா, தாய்மாமன்னு கலைக்கு நான் ஒருத்தன்தான். ஒரு பட்டுப்புடவை எடுக்கணும். மொய் பத்தாயிரத்து ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன்."

கோகிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பத்தாயிரமா! அப்பா, அதை எடுத்தா ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்ட முடியாதுங்கப்பா. அப்புறம் நான் ஓசூர்ல ரோட்டுலயா படுக்கறது?"

"மார்க்கெட்ல யார்கிட்டயாவது வட்டிக்கு..."

"வட்டியா? மொத சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே கடனா? வேணவே வேணாம். ஆகஸ்ட் கடைசில சம்பளம் வந்துரும். மொத வேலையா பத்தாயிரத்தையும் அத்தை கையில குடுத்துரலாம். அத்தை என்ன வெளி ஆளா? சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புரிஞ்சுக்குவா. அக்காதானே" என்றார்.

இங்கேதான் நம் எல்லோருக்கும் புத்தி பிசகுகிறது. கறாராக நிற்கிறவனுக்கு முதலில் கொடுத்துவிடுகிறோம். புரிந்துகொள்கிறவர்களை, பாவம், கடைசியில் நிற்க வைக்கிறோம். ஹாஸ்டல்காரம்மா புரிந்துகொள்ள மாட்டாள், அதனால் அவளுக்குத் தனிக் கட்டம். அத்தை புரிந்துகொள்வாள், அதனால் அவள் இதர செலவு.

தர்மபுரியில் போய்ப் புடவை எடுத்தார்கள். எவ்வளவு அடித்துப் பேசியும் மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கீழே வரவில்லை. மீதி ஐந்நூறு.

"அப்போ மொய் ஐநூறுங்கப்பா" என்றாள்.

"வெறும் ஐநூறு எழுதக் கூடாது பாப்பா. ஒத்த ரூபா நான் போட்டுக்கறேன், வெத்தலைக் காசுல" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பை அப்போது அவள் கவனிக்கவில்லை.

கல்யாணம் ஆனி மாத முதல் முகூர்த்தத்தில். கம்பைநல்லூரில் பெரிய மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் அரூர்ப் பக்கம், கொஞ்சம் வசதியானவர்கள். வேன் வேனாக வந்து இறங்கினார்கள். தீர்த்தகிரி வெள்ளைச் சட்டை போட்டு, தட்டில் புடவையும் பழமும் பூவும் வைத்து, மேளத்தோடு முன்னால் நடந்தார். தாய்மாமன் வருகிறான் என்று கூட்டம் வழிவிட்டது. அத்தை ஓடி வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கலைமணி மணையில் இருந்தபடியே கோகிலாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் மொய் மேஜை போட்டார்கள். அத்தை வீட்டு வகையறாவில் மொய்யை மைக்கில் சொல்வது வழக்கம். அதிலும் முதல் மொய் தாய்மாமனுடையது. அவர் பெயர் சொல்லும்வரை வேறு யாரும் பணத்தை நீட்ட மாட்டார்கள். கோகிலா சின்ன வயதில் இதையெல்லாம் பார்த்தவள்தான். ஆனால் கட்டம் கட்டும்போது மைக் ஞாபகம் வரவில்லை. போனில் இருக்கிற எண் வாய் திறந்து பேசும் என்று யார் நினைப்பார்கள்?

மைக் பிடித்திருந்த பச்சியப்பன் கணீரென்று ஆரம்பித்தார். "பொண்ணோட தாய்மாமன், மாரண்டஹள்ளி தீர்த்தகிரி அவர்கள் எழுதும் மொய்..." கவரைப் பிரித்தார். நின்றார். மைக்கை அணைக்க மறந்து பக்கத்தில் குனிந்து, "ஐநூத்தி ஒண்ணுதானுங்களா? வேற கவரு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ்வளவுதாங்க" என்றார் தீர்த்தகிரி. அதுவும் மைக்கில் கேட்டது.

"தாய்மாமன் மொய் ஐநூற்று ஒண்ணு!"

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அடுத்த மொய், மாப்பிள்ளையின் தெருக்காரர் ஒருவருடையது, இரண்டாயிரத்து ஒன்று. மேடையில் கலைமணி தலையைக் குனிந்துகொண்டு மாலையில் இருந்த ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மொய் மேஜையின் ஓரத்தில் பணம் அனுப்புவதற்கு ஸ்கேன் அட்டை ஒன்று ஒட்டியிருந்தார்கள். கோகிலா கையில் போன். அக்கவுண்டில் ஹாஸ்டல் பணம் முழுசாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். 'தாய்மாமன் மொய் இன்னும் பத்தாயிரம்' என்று பச்சியப்பன் அதே மைக்கில் சொல்லிவிடுவார். எழுந்து மேஜைவரை போனாள். ஸ்கேன் செய்தாள். எண்ணைக்கூடப் போட்டாள். அப்போது ஓசூர் கண்முன்னால் வந்தது. தெரியாத ஊர், கையில் பெட்டி, காசில்லை. ஜாஸ்மின் சொன்னது காதில் விழுந்தது. அட, அத்தை புரிந்துகொள்வாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனை அணைத்துப் பையில் போட்டாள்.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தை பின்னாலேயே ஓடினாள்.

"டேய் தீர்த்தா, ஒரு வாய் சாப்புட்டுப் போடா. எனக்காவ."

"இல்லக்கா. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.

அவர் வீட்டில் மாடு இல்லை என்பது அத்தைக்குத் தெரியாதா? "சரி, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தீர்த்தகிரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "அப்பா, என் மேல கோவமா?" என்று கேட்டதற்கு, "கோவம் என்னத்துக்கு பாப்பா? நீ போட்ட கணக்கு சரிதான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை ஒன்று வந்தது. ஓசூர் கம்பெனியில் போய் இறங்கியதும் அங்கிருந்த அதிகாரி ஒருவர் சிரித்துக்கொண்டே அறிவித்தார். பயிற்சி மூன்று மாதம், அதுவரை தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி செலவு, யாரும் வெளியே ஹாஸ்டல் தேட வேண்டாம். கூட வந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். கோகிலாவும் தட்டினாள். தட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கட்டம் கட்டி மூடி வைத்த ஹாஸ்டல் பணம் அக்கவுண்டில் அலுங்காமல் குலுங்காமல் உட்கார்ந்திருந்தது. அதை என்ன செய்வது?

மறுநாளே அத்தைக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இவ்வளவுக்கப்புறம் போனில் தட்டிவிட்டால் நன்றாகவா இருக்கும்? முதல் சம்பளத்தோடு நேரில் போய்க் காலில் விழுந்து கொடுப்போம் என்று வைத்துக்கொண்டாள்.

இதற்குள் தீர்த்தகிரி எந்த விசேஷத்துக்கும் போவதை விட்டுவிட்டார். பத்திரிகை வந்தால் அலமாரியில் செருகிவிட்டு, கோகிலாவிடம் போனில், "ஒடம்பு சரியில்லனு சொல்லிரு" என்பார். அக்கா போன் பண்ணினால் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆகஸ்ட் கடைசியில் சம்பளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோகிலா நேராகக் கம்பைநல்லூர் போனாள். அத்தை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "எளைச்சுப் போயிட்டியே கண்ணு" என்று கன்னத்தைத் தடவினாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் கோகிலா காலில் விழுந்து கவரை நீட்டினாள்.

"பத்தாயிரத்து ஒண்ணு இருக்குங்க அத்தை. தப்பு என் மேலதான். அப்பா இதைத்தான் எழுதணும்னு சொன்னாங்க. நான்தான் விடல."

அத்தை கவரை வாங்கவில்லை. வெறுப்பாகச் சொல்லவுமில்லை. களைத்துப் போனவள் மாதிரிச் சொன்னாள். "இதை இப்ப எந்த மைக்குல சொல்லச் சொல்லுவ கண்ணு?"

கோகிலாவின் கை கவரோடு நீட்டியபடியே இருந்தது.

"எனக்குப் பணமா முக்கியம்? உங்கப்பன் வெறுங்கையோட வந்தாலும் என் தம்பிதான். ஆனா அது என் வூட்டுக் கல்யாணம் மட்டும் இல்லயே. வெச்சுக்கோ. பத்திரமா செலவு பண்ணு." கவரை மடித்து அவள் பையிலேயே செருகினாள். வாசல்வரை வந்தவள், என்னவோ சொல்ல வாயெடுத்து, "கலைக்கு மட்டும் எப்பவாச்சும் ஒரு போன் போடு" என்று முடித்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கோகிலா கலைமணிக்குப் போன் போட்டாள். கல்யாணத்துக்கப்புறம் இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் தைரியம் வரவில்லை. எடுத்தது மாமியார். "மாட்டுக் கொட்டாய்ல இருக்குறா, இரு கூப்பிடறேன்" என்றவள், போனைக் கையில் வைத்துக்கொண்டே உரக்கக் குரல் கொடுத்தாள்.

"ஏ ஐநூத்தி ஒண்ணு! ஐநூத்தி ஒண்ணு! உனக்குத்தான் போனு, வா!"

"வரேங்க அத்தை" என்று தூரத்தில் கலைமணியின் குரல் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அவ்வளவு சாதாரணமாக.

"அக்கா! எப்டி இருக்க? சம்பளம் வந்துருச்சா?" ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கலை... உன்னை எப்படிக் கூப்பிட்டாங்க?"

மறுமுனையில் சத்தமில்லை. மாமியார் தள்ளிப் போகட்டும் என்று இருந்திருப்பாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது வந்த நாள்லருந்து அப்படித்தான்க்கா. இந்த வூட்ல எல்லாருமே அப்படித்தான் கூப்பிடறாங்க. பக்கத்து வூட்டுக் கொழந்தைங்ககூட. மொதல்ல அழுதேன். இப்ப பழகிருச்சு. அழாதக்கா, நெசமாத்தான் சொல்றேன், பழகிருச்சு."

கோகிலா பஸ் ஸ்டாண்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிராத. தாங்க மாட்டாரு."

வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தீர்த்தகிரி டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அக்கா வாங்கிக்கிச்சா?"

"இல்லங்கப்பா."

"வாங்காது. எனக்குத் தெரியும்." கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டார். "கலைகிட்ட பேசினியா? புள்ள எப்படி இருக்குதாம்?"

"நல்லா இருக்காப்பா."

கல்யாணத்துக்கப்புறம் அவர் முகம் தெளிந்து அவள் பார்த்தது அப்போதுதான். "அது போதும் பாப்பா. என்னால அதுக்கு ஏதும் பேச்சு வந்துருமோன்னுதான் ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன். நல்ல மனுஷங்க போல" என்றார். எழுந்து போய் ரெண்டு பேருக்கும் சோறு போட்டார்.

கோகிலா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.