நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு கேள்வி

பத்மநாபசுவாமி ஊர்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. எம்.ஏ. மாணவர்களின் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் எந்த மொழிக்காரரோ, அந்த மொழி பேசும் மாணவன்தான் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போய் அவரை அழைத்து வர வேண்டும். திரும்ப வண்டியேற்றி விடும்வரை அவருடைய பெட்டி, பசி, பக்தி மூன்றும் அவன் பொறுப்பு. கன்னடக்காரர் வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை. கன்னடக்காரர் யாரும் வந்ததுமில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்தப் பாக்கியம் பிச்சைக்கனிக்குக் கிடைத்தது. வகுப்பில் வீட்டு மொழி தமிழாக இருந்தவன் அவன் ஒருவன்தான். இரண்டு வருஷமாக அது யாருக்கும் நினைவில்லை. அவனும் மலையாளத்தில் பேசி, மலையாளத்தில் கடன் கேட்டு, மலையாளத்திலேயே கனவும் காணத் தொடங்கியிருந்தான். லீவுக்குப் போனால் அவன் அம்மா ஆவுடைத்தாய், "என்னடே, சர்க்கார் ஆபீஸ்காரன் மாதிரி பேசுத" என்பாள்.

வீடு போனக்காட்டுக்கும் மேலே, மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். அம்மாவும் அப்பாவும் கொழுந்து கிள்ளுகிறவர்கள். தங்கள் ஆட்கள் அந்த மலைக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் அவனுடைய ஆய்வேடு. பஞ்சம் துரத்த ஓடி வந்தவர்கள் என்று எல்லாப் புத்தகமும் ஒரே ராகத்தில் சொன்னது. பிச்சைக்கனிக்கு ஒரு சந்தேகம். லயத்தில் வீட்டுக்கு வீடு கிடந்த பழைய அம்மிகள் அந்த மலைக் கல் அல்ல, கீழே திருநெல்வேலிப் பக்கத்துக் கல். பசியில் ஓடி வருகிறவன் அம்மியைச் சுமந்துகொண்டா மலையேறுவான்? குடித்தனம் போட வருகிறவன்தான் அம்மியைத் தூக்குவான். ஆகவே இவர்கள் துரத்தப்பட்டு வந்தவர்கள் அல்ல, தீர்மானித்து வந்தவர்கள். இதுதான் நான்காம் அத்தியாயம்.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. அம்மி அவர்களோடுதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? பின்னால் எவனோ ஒரு வண்டிக்காரன் கொண்டு வந்து விற்றிருக்கலாமே? இதை யாராவது கேட்டால் சொல்வதற்குப் பிச்சைக்கனியிடம் பாதிப் பதில் இருந்தது. மீதிப் பாதி, கேட்டவரோடு வாதாடும்போது வந்துவிடும் என்று நம்பினான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

வழிகாட்டி வேலாயுதன் சார் அத்தியாயத்தை ஒரு மாதம் வைத்திருந்து, கமாக்களைத் திருத்தி, 'நன்னாயிட்டுண்டு' என்று திருப்பித் தந்தார். கறுப்பு ரெக்ஸின் அட்டையும் தங்க எழுத்தும் போட வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. விடுதி அறையில் உடனிருந்த ஜெயன், அம்மி என்றதும் தன் வீட்டில் மிக்ஸி வாங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினான். அம்மாவிடம் சொன்னபோது, "அதையெல்லாமா படிக்க விடுதாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆவணக் காப்பகத்தில் ஒரு வருஷம் எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. சில நாள் அதில் குடையை வைத்துக்கொண்டான்.

ஆகவே வாய்மொழித் தேர்வை மற்றவர்கள் பல் பிடுங்கப் போவதுபோல எதிர்பார்த்தபோது, பிச்சைக்கனி கல்யாணத்துக்குப் போவதுபோலச் சட்டையை இஸ்திரி போட்டான். படித்த ஒருவர், ரயிலேறி வந்து, எதிரே உட்கார்ந்து, தன்னைக் கேள்வி கேட்கப் போகிறார்.

ரயிலிலிருந்து இறங்கியவர் தன்னை "டாக்டர் நாகேஸ்வரன்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மனைவியிடமும் அப்படித்தான் சொல்வாரோ என்று தோன்றும்படி இருந்தது. சாம்பல் நிற சஃபாரி சூட், அது நிறைய மனிதர். ஆட்டோவில் ஏறியதும், தாம் கலந்துகொண்ட கருத்தரங்குகளைக் கிழக்கிலிருந்து மேற்காக அடுக்கிக்கொண்டே வந்தார். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வந்ததும் சற்று மூச்சு வாங்கினார்.

"தமிழ் நல்லாத்தான் பேசற. மலையாளியா?"

"இல்ல சார், தமிழ்தான்."

"அப்படியா? வாடை அடிக்குதே."

பிச்சைக்கனி ஆய்வேட்டைப் பற்றி மெல்ல ஆரம்பித்தான். அதெல்லாம் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், முதலில் பத்மநாபரைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். உள்ளே பேசிக்கொள்ளலாம் என்ற சொல்லைப் பிச்சைக்கனி பத்திரமாக வைத்துக்கொண்டான்.

கோயிலுக்குள் சட்டை கூடாது, வேட்டிதான் கட்ட வேண்டும். டாக்டருக்கு அது தெரியாது. வாசல் கடையில் ஒரு வேட்டி வாங்கிச் சுற்றியதும் சஃபாரியோடு சேர்ந்து பாதி அறிஞரும் கழன்று போனார். மிச்சம் இருந்தவர், நழுவும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெஞ்சை மறைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியேறினார். பிச்சைக்கனி வெளியே சஃபாரியை மடித்துக் கையில் ஏந்தி நின்றான். திரும்பி வந்த டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பொத்தான் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு இட்லி, காப்பி, இன்னொரு காப்பி. வேட்டியை அவன் துவைத்து, உலர்த்தி, மாலையில் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் செய்தான். இவ்வளவு அருமையான பிள்ளையைத் தன் துறையில் பார்த்ததில்லை என்று டாக்டர் இருமுறை சொன்னார். பிச்சைக்கனி தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் துறைத்தலைவி லீலாபாய் டீச்சரின் அறையில் தேர்வு தொடங்கியது. முதலில் ஜெயன். அவன் ஆய்வேடு கோட்டைகளைப் பற்றியது. பிச்சைக்கனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். இந்த வருஷத்தை எங்கிருந்து எடுத்தாய், இந்தச் சொல் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது, யார் சொன்னது, ஏன் நம்பினாய் என்று டாக்டர் ஜெயனைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேட்டி நழுவிய மனிதருக்கு உண்மையிலேயே வரலாறு தெரிந்திருந்தது. கேட்கக் கேட்கப் பிச்சைக்கனிக்கு எச்சில் ஊறியது. வியர்த்து வெளியே வந்த ஜெயன், "எடா, அயாள் கொல்லும்" என்றான். பிச்சைக்கனிக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

அவன் உள்ளே போனதும் டாக்டரின் முகம் மலர்ந்தது. ரெக்ஸின் அட்டையின்மேல் கையை வைத்தார், திறக்கவில்லை.

"இவர் நம்ம பிள்ளை மேடம். காலையில இருந்து பாத்துட்டேன். இவர்கிட்ட கேக்க என்ன இருக்கு?" என்றவர், ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று, நேந்திரங்காய் வறுவல் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

பிச்சைக்கனி பதில் சொன்னான். ஆரியசாலைக்குப் போகிற வழியில் ஒரு கடை. லீலாபாய் டீச்சர் மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்தார். வேலாயுதன் சார் பேனாவை மூடினார். நாற்காலிகள் பின்னால் நகர ஆரம்பித்தன.

"சார், நாலாவது சாப்டர்ல ஒரு தப்பு உண்டு."

நாற்காலிகள் நின்றன.

"அம்மி அவங்க கூடத்தான் வந்துதுன்னு எழுதியிருக்கேன். அதுக்கு ஆதாரம் சொல்லல. பின்னால வாங்கியும் இருக்கலாம். சார் அதைக் கேக்கணும்."

டாக்டர் நாகேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை அட்டையைத் திறக்கப் போவதுபோல அசைந்தது. பிறகு லீலாபாய் டீச்சர் பக்கம் திரும்பியது.

"பாத்தீங்களா மேடம்? தன் குறையைத் தானே சொல்றான். இதுதான் தமிழ்ப் பண்பாடு. இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்க."

"நம்மள் ட்ரெயின் பண்ணின பிள்ளையாணு," என்றார் வேலாயுதன் சார், தமிழ்ப் பண்பாட்டில் தன் பங்கை விட்டுக்கொடுக்காமல்.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவனுக்குத்தான். வராந்தாவில் வேலாயுதன் சார் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எடோ, சொந்தத் தீசிஸ்ல தப்பு உண்டுன்னு ஆராவது சொல்லுமோ? அயாள் வாயிச்சிட்டில்ல. அதுகொண்டு நீ பிழைச்ச."

"சார் வாயிச்சோ?" அவராவது படித்தாரா என்று தெரிந்துகொள்ளக் கேட்டான் பிச்சைக்கனி.

வேலாயுதன் சார் வராந்தாவின் கடைசித் தூணைப் பார்த்தார்.

"கமா எல்லாம் ஞான் நோக்கி," என்றார்.

சாயங்காலம் தம்பானூரில் பிச்சைக்கனி பெட்டியை ஏற்றினான், வறுவலை ஏற்றினான், உலர்ந்த வேட்டியை மடித்து வைத்தான். பெட்டி மூடவில்லை. டாக்டர் உள்ளே துழாவி, கனமாக இருந்ததை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். தனக்கு அனுப்பிய பிரதி வீணாக வேண்டாம், அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றார். மேலும் மேலும் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசீர்வதித்தார். வண்டி கிளம்பியபோது கையசைத்தார். நல்ல மனிதர்தான்.

பிச்சைக்கனி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பிரதியைத் திறந்தான். நான்காம் அத்தியாயத்தின் முதல் இரண்டு தாள்கள் பைண்டரின் பசையில் ஒட்டியபடியே இருந்தன. நகத்தால் மெல்லப் பிரித்து, யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தான். அம்மி வந்த இடத்தில் பென்சிலை எடுத்து ஓரத்தில், 'எப்படித் தெரியும்?' என்று எழுதினான். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. அதன் கீழே தன் பாதிப் பதிலை எழுதினான். எழுதிப் பார்த்தபோது அது பாதிகூட இல்லை.

அம்மி கொத்தியவனின் குறியோ, அந்தந்தக் குடும்பத்தின் பழைய ஊர்ப்பேரோ கல்லின் அடியில் இருந்தால் ஒருவேளை தெரியும் என்று அப்போதுதான் தோன்றியது. லயத்து அம்மிகள் எல்லாவற்றின் நீளமும் அகலமும் அவன் ஆய்வேட்டில் இருந்தன. ஒன்றைக்கூட அவன் புரட்டிப் பார்த்ததில்லை.

மலைக்கு முதல் பஸ் காலையில்தான். யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசித்தான். ஓர் அம்மியைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும்.