மாப்பிள்ளை கையில் ஒரு பிடி விதைநெல்

இந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒருத்தனும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வதில்லை. மில்லு, மளிகைக்கடை, வாத்தியார் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்த காலம் போய், செல்போனில் படம் காட்டி விளக்குகிறார்கள். விளக்க வேண்டிய வேலையெல்லாம் ஒரு வேலையா என்பது இருசப்பனின் கட்சி.

பேத்தி ஜெயப்பிரியாவைப் பெண் பார்க்க மூலக்குளத்திலிருந்து பண்டசோழநல்லூருக்கு வந்த தமிழ்க்குமரனும் அந்த ஞாயிற்றுக்கிழமை படம்தான் காட்டினான். விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பை அங்குள்ள கதிர்வீச்சு என்ன செய்யும் என்று பெங்களூரில் ஆராய்ச்சியாம். ரொம்ப நாள் இருந்தால் கண்ணில் புரை விழலாம், புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடும், கண்ணை மூடினாலும் பளிச்சென்று வெளிச்சம் தெரியும் என்றான்.

"அப்புறம் எப்பிடிப்பா தூங்குவான்?" என்றார் இருசப்பன்.

"பழகிடும் தாத்தா."

"நீ மேல போவியா?"

"இல்ல தாத்தா. இங்கயே மெஷின் வச்சி, ரத்தத்து மேல அந்தக் கதிர விட்டுப் பாப்போம். சட்டையில ஒரு வில்லை குத்திக்குவோம். நம்ம மேல எவ்ளோ பட்டுதுன்னு அது காட்டிடும். எனக்கு ஒண்ணும் பட்டதில்ல."

"பாம்பே இல்லாத கொல்லைக்கு டார்ச்சு எதுக்குப்பா?"

மகன் அரசு சிரித்து மழுப்பினான். மருமகள் முத்துலட்சுமி அவசரமாகக் கேசரியை நீட்டினாள். இருசப்பனுக்கு ஒரே கவலைதான். ஒரே பேத்தி. இவனைக் கட்டினால் இவளுக்குப் பிள்ளை பிறக்குமா, பிறக்காதா? தாசில்தாரையே முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். ஆனால் இந்தக் கேள்வியைச் சபையில் எப்படிக் கேட்பது? எழுந்து உள்ளே போனார். விதைநெல் மூட்டையில் ஒரு பிடி அள்ளிவந்தார்.

"இத சோத்துக் கையில புடிச்சிக்கினு பேசு தம்பி. இந்த வூட்டு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் பையன் ஒரு மணி நேரம் நெல்லைப் பிடித்துக்கொண்டு இடது கையால் கேசரி தின்றான். அவன் அம்மா ஜோதிலட்சுமி, "இன்னும் இதெல்லாம் விடாம வச்சிருக்கீங்களே" என்று நெகிழ்ந்தே போனாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லி அனுப்பறேன்" என்று அனுப்பிவைத்தார். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் தட்டு மாற்ற முடியாது. மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாமென்ற ஜெயப்பிரியா, இவன் காபியை முடிக்குமுன்பே சரியென்றிருந்தாள். தாத்தா இழுத்தடித்ததால் அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை.

ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைக்குமுன் நூறு நெல்லை எண்ணி ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டிவைத்து முளை பார்ப்பது அவர் வேலைமுறை. எண்பதுக்குக் கீழே முளைத்தால் அந்த மூட்டை வேண்டாம். தமிழ்க்குமரன் பிடித்திருந்த நெல்லிலும் அப்படியே செய்தார். ஒத்துப்பார்க்க, தன் கையிலும் நூறு நெல்லை ஒரு மணி நேரம் பிடித்திருந்து தனியாகக் கட்டினார்.

புதன்கிழமை காலை கொல்லைப்புறத்தில் வைத்து இரண்டையும் அவிழ்த்தார். வீடே சுற்றி நின்றது. இதற்குத்தான் அந்த ஒரு பிடி நெல் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு விளங்கியது. எண்ணினார்கள். மாப்பிள்ளை நெல்லில் தொண்ணூற்று நாலு முளைத்திருந்தது. இருசப்பன் நெல்லில் எழுபத்தொன்பது.

"எம்பதுக்குக் கீழ போனா மூட்டையே வாணாம்னு சொல்லுவியே தாத்தா" என்றாள் ஜெயப்பிரியா. மூன்று நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. "உன்ன எந்த மெஷின்ல வச்சாங்க?"

"வெத்தல போட்ட சுண்ணாம்புக் கையோட புடிச்சிட்டன்டி."

"அப்பா, தட்டு மாத்திக்கலாமில்ல?" என்றான் அரசு.

"மாத்திக்குங்க."

அவள் அங்கேயே தமிழ்க்குமரனுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தாள். சிரிப்பான் என்று பார்த்தால், அவன் சிரிக்கவில்லை.

"நல்ல சோதனதான். ஆனா ஒருவாட்டி செஞ்சா பத்தாது. மூணு வாட்டியாவது செஞ்சாதான் நம்பலாம்னு தாத்தாகிட்ட சொல்லு."

"பாத்தியா" என்றார் இருசப்பன். "அவனுக்கே அவன்மேல நம்பிக்க இல்ல."

"மாமா, இப்பதான சரின்னீங்க" என்றாள் முத்துலட்சுமி, பாதி அழுகையில்.

"இல்லன்னா சொன்னன்? தட்ட மாத்துங்க. முளைக்கிறது இன்னா பெரிசு, கதிருல பால் புடிக்கணும். கல்யாணம் தையிலதான? ரெண்டையும் நட்டுப் பாத்தா மார்கழிக்குள்ள தெரிஞ்சிடும்."

இரண்டு சாக்குத் துணியையும் தனித்தனியே முடிந்துகொண்டு நாற்றங்காலைப் பார்த்து இறங்கினார். பின்னால் ஜெயப்பிரியா கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. முடிச்சுகள் ஒன்றோடொன்று உரசிவிடாமல் இரண்டு கைகளையும் அகல விரித்துப் பிடித்தபடி, வரப்பின் இருபக்கமும் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்தார்.