மிலோவான் சேர்த்த பாட்டு

மிலோவான் ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு சேர்த்திருக்கிறான் என்று பக்கத்தில் நின்ற போர்க்கா சொன்னதும் வெரித்சாவின் கை ஓடும் பெல்ட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. உறைந்த ராஸ்பெர்ரிப் பழங்கள் கூழாங்கற்களைப் போலக் கலகலத்துக்கொண்டு அவள் விரல்களுக்கு அடியில் ஓடின. முழுப் பழத்தைப் போக விட வேண்டும். உடைந்ததையும் இலை ஒட்டியதையும் பொறுக்கி வாளியில் போட வேண்டும். குளிர்கிடங்கில் அவ்வளவுதான் வேலை, கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். காலையிலிருந்து மாலை வரை நின்றுகொண்டே செய்து பார்த்தால் தெரியும். கையுறைக்கு மேல் கையுறை போட்டாலும் விரல் நுனி செத்துப்போகும், காலுறைக்கு மேல் காலுறை போட்டாலும் குளிர் பாதத்தில் ஏறி இடுப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மிலோவான் அவளுடைய கணவன். லாரி ஓட்டினான். ஆஸ்திரியாவில் ஒரு லாரி நிறுத்தத்தில் படுத்துத் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. வருகிற சனிக்கிழமையோடு ஆறு மாதம். நினைவுநாள் அறிவிப்பு அவன் படத்தோடு பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் நேற்றுத்தான் ஒட்டப்பட்டிருந்தது.

"என்னடி உளர்ற?" என்றாள் வெரித்சா.

"நானா உளர்றேன்? டிரைவர் விதோயே பொண்டாட்டி ரொட்டிக் கடையில நின்னுக்கிட்டு எல்லாரும் கேக்கச் சொல்றா. டிரைவருங்க எல்லாரும் சேந்து பாட்டு போட்டுக்குவாங்கல்ல போன்ல, அதுல உம் புருஷன் பேருல பாட்டு வந்திருக்காம். சோகப் பாட்டுகூட இல்லியாம். கல்யாணத்துல கை கோத்து ஆடுற பாட்டாம். பாத்ததும் சிலுவை போட்டுக்கிட்டாளாம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, எனக்கொரு ரொட்டி குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன். செத்தவனுக்கு அங்க டவர் கெடைக்குது, எங்க மலைமேல இருக்கறவளுக்குக் கெடைக்க மாட்டேங்குது, அதான் எனக்கு வயித்தெரிச்சல்." சொல்லிவிட்டுத் தோழியின் முகத்தைப் பார்த்த போர்க்கா குரலைத் தாழ்த்தினாள். "நீதானேடி?"

வாளிக்குள் போகவேண்டிய இரண்டு பழங்கள் வெரித்சாவைத் தாண்டிப் போயிருந்தன.

அவள்தான். ஆனால் அவள் வேண்டுமென்று செய்யவில்லை. மிலோவான் பாட்டு கேட்கும் செயலிக்கு ஒரு வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுச் செத்துப்போனான். ஒரே கணக்கு, அவன் பெயரில். அவன் உயிரோடு இருந்தபோதே அதே கணக்கை அவள் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தான். ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் பாடும். அவள் சமையலறையில் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாட்டு பாதியில் நின்றுபோனால், எங்கோ ஜெர்மனியில் லாரி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். "பிடுங்கிட்டியா?" என்று செய்தி அனுப்புவாள். அவன் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்புவான். வாரக்கணக்கில் வீட்டுக்கு வராத மனிதனோடு அவள் நடத்திய குடும்பத்தில் பாதி அதுதான்.

அவன் போன பிறகு நாற்பது நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் காலைப் பேருந்தில், கறுப்புத் தலைத்துணிக்குள் இயர்போன்களைக் காதில் செருகிக்கொண்டு, அவன் கடைசியாக என்ன கேட்டான் என்று தேடினாள். அங்கே டிரைவர்களின் பாட்டுப் பட்டியல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆளுக்கொரு பாட்டு சேர்ப்பது அவர்கள் வழக்கம். எல்லைச் சாவடி வரிசையில் மணிக்கணக்காக நிற்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஒரு காப்பி விலைகூடப் பெறாத போன் விளையாட்டுகளை ஆடுவார்கள், ஒருவருக்கொருவர் பாட்டு அனுப்புவார்கள், அடுத்தவன் அனுப்பிய பாட்டைக் கேலி செய்வார்கள். அவன் செத்த பிறகும் அவர்கள் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெரித்சா அவர்களில் விதோயே ஒருவனைத்தான் நேரில் அறிவாள். ஆனால் போகப் போகப் பெயரைப் பார்க்காமலே பாட்டை வைத்து ஆளைச் சொல்ல வந்துவிட்டது. ஒருவன் ஊதுகுழல் கோஷ்டி தவிர எதையும் போட மாட்டான். ஒருவன் எப்போதும் காதல் தோல்வி. ஞாயிறு வந்தால் இன்று யார் என்ன போட்டிருப்பான் என்று மனம் பரபரத்தது. முதலில் அழுதுகொண்டுதான் கேட்டாள். பிறகு அழாமல் கேட்டாள். பிறகு ஒருநாள் பேருந்து இருக்கைக்கு அடியில் தன் கால் தாளம் போடுவதைப் பார்த்துத் திடுக்கிட்டு நிறுத்தினாள்.

துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டு கூடாது. தொலைக்காட்சியின் மேல் மாமியார் தெசாங்கா மேசைவிரிப்பைப் போர்த்தி வைத்திருந்தாள். கிடங்கில் முதலாளியின் வானொலி நாள் முழுக்க அலறியது, அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. "தானா காதுல விழுந்தா பாவமில்லடி, நீயே தேடிப் போட்டாத்தான் பாவம்," என்று போர்க்கா ஒருமுறை தீர்ப்பு சொல்லியிருந்தாள். வெரித்சா தேடிப் போட்டவள். போன ஞாயிறு, தங்கள் கல்யாணத்தில் ஆடிய அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, தனக்கென்று சேமித்து வைக்கிறோம் என்று நினைத்து எதையோ அழுத்தினாள். அது நேராக டிரைவர்களின் பட்டியலில் போய் உட்கார்ந்தது, மிலோவானின் பெயரோடு, அவன் சிரிக்கிற படத்தோடு.

இனிமேல் அந்தக் கணக்கை மூட வேண்டியதுதான். சனிக்கிழமை விதோயே கல்லறைக்கு வருவான். மாமியார் முன்னால் வாயைத் திறந்தான் என்றால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? மாமியாரும் மருமகளும் இரண்டு பேர் மட்டும் மிச்சமிருக்கிற வீடு. பேச்சு ஏற்கெனவே உப்பு, விறகு, மருந்து என்று சுருங்கிப்போயிருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வரை அவள் கணக்கை மூடவில்லை. காலையில் கேட்டாள், மாலையில் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த அரைமணி நேரம்தான். அதையும் கொடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது பெல்ட்டும் பழமும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தெசாங்கா சமையலறை மேசையில் உட்கார்ந்து மகனுடைய போனில் விளையாடிக்கொண்டிருப்பாள். பழங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து வெடிக்க வைக்கிற ஆட்டம். மிலோவான் ஆடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுவாள். சத்தமில்லாத ஆட்டம் கேளிக்கையில் சேராது என்பது அவள் கணக்கு. பகல் முழுக்கப் பழம் பொறுக்கிவிட்டு வருகிறவள், வீட்டிலும் ஒருத்தி பழம் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே சூப் குடிக்க வேண்டும். கிழவிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று வெரித்சாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் திறந்து சொன்னதில்லை. சொல்வதற்கும் தெம்பு வேண்டும்.

சனிக்கிழமை பாதிரியார் ஜெபம் சொல்லி, சாம்பிராணி காட்டிவிட்டுப் போனார். கோதுமையும் வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்ததை ஆளுக்கொரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார்கள். விதோயே தன் கோப்பையிலிருந்து கொஞ்சம் ராக்கியாச் சாராயத்தைக் கல்லறை மண்ணில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தான். பெரிய உடம்பு, கல்லறைகளுக்கு நடுவில் எதையாவது தட்டிவிட்டுவிடுவோமோ என்று பயந்தவனைப் போல நின்றான். மற்றவர்கள் கலைந்து போன பிறகு போனை வெளியே எடுத்தான்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. எம் பொண்டாட்டி வாயக் கட்ட முடியல. அந்தப் பாட்டப் பாத்ததுமே நீதான்னு எனக்குத் தெரியும். உங்க கல்யாணத்துல அதுக்குத்தான் நான் செருப்பு அறுற வரைக்கும் ஆடினேன். நல்லாத்தான் இருந்துச்சு, எல்லாப் பயலும் கேட்டோம்."

வெரித்சா தலையை நிமிர்த்தவில்லை. அவள் பார்வை தெசாங்காவின் கறுப்புச் சப்பாத்துகளில் இருந்தது. அவை அசையவில்லை.

"பாட்டு நீ, சரி," என்று விதோயே தொடர்ந்தான். "ஆனா தெனமும் அந்தப் பழ ஆட்டத்துல எங்கிட்ட லைஃப் கேக்குறது யாருன்னுதான் எனக்குப் புரியல."

போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். 'மிலோவானுக்கு லைஃப் தீர்ந்துவிட்டது. ஒன்று கொடுத்து உதவுங்கள்.' அதற்குக் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அனுப்பியாகிவிட்டது என்று ஒரு சின்ன இதயம்.

"எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் வருது. எல்லாரும் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கோம். ஒரு பயலும் ஏன்னு கேக்கல. அவன் கேட்டு எப்படித் தங்கச்சி இல்லைங்கறது?" பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

தெசாங்கா குனிந்து, காற்றில் அணைந்திருந்த மெழுகுவர்த்தியை ஏற்றினாள். ஏற்றி முடித்து நிமிர்ந்து, "போலாம், மழை வரும்போல இருக்கு," என்றாள். வானத்தில் மேகம் இல்லை.

வீட்டுக்கு வந்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கினார்கள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வெரித்சா சொன்னாள்:

"நாந்தான் அத்தே. பஸ்ஸுல கேப்பேன். வேணும்னு போடல, கை பட்டுருச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவன் போன்ல வருதே. நீ என்ன கேக்குறியோ அது மேல ஓடுது. ஆடிக்கிட்டே பாப்பேன்."

ஆக, இத்தனை மாதமும் கிழவிக்குத் தெரிந்தேயிருக்கிறது. வெரித்சாவுக்கு முதலில் வெட்கம் வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசாம இருந்தீங்களா? நீங்க மட்டும் லைஃப் கேட்டு ஊருக்கெல்லாம் அனுப்பலாமா? அவன் பேருல?"

"அது ஊருக்குப் போகுதுன்னு எனக்கென்னடி தெரியும்? வேணுமான்னு கேட்டுச்சு, வேணும்னு அழுத்தினேன். போன் குடுக்குதுன்னுல்ல நெனைச்சேன்." தெசாங்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஆடத் தெரியாம தோத்து லைஃப் போகலடி. அவன் விட்டுட்டுப் போன கட்டம் அது. எனக்கு எப்பவோ ஜெயிக்க வந்துருச்சு. கடைசிப் பழத்தை மட்டும் வேணும்னே மாத்தி வப்பேன். ஜெயிச்சா அடுத்தது வந்துரும். அது அவன் பாக்காதது."

வெரித்சாவும் உட்கார்ந்தாள். கால்கள் வலித்தன. இடுப்பு வலித்தது. மேசைவிரிப்பு போர்த்திய தொலைக்காட்சி மூலையில் இருந்தது.

"கணக்க மூடிடறேன் அத்தே. எல்லாத்தையும். ஊர் வாய்க்கு நாம எதுக்கு அவல் குடுக்கணும்?"

"மூடினா அவன் பேரும் போயிருமா?"

"போயிரும்."

"துக்க வீட்டுக்குள்ள பாட்டு கூடாது," என்றாள் தெசாங்கா பழைய குரலில். "ஒரு வருஷம் ஆகட்டும். வீட்டுக்குள்ள கூடாது."

"உங்களுக்காவது ஆட்டம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டாள் வெரித்சா. கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மாமியார் எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உப்பு, விறகு, மருந்து.

திங்கட்கிழமை கிடங்கில் போர்க்கா அவளைத் துருவித் துருவிக் கேட்டாள். "மூடப்போறேன்டி. இன்னிக்கு ராத்திரி," என்றாள் வெரித்சா. போர்க்கா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு, அதிசயமாக ஒரு கேலியும் செய்யாமல் பெல்ட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாலையில் பேருந்து அடிவாரத்தில் இறக்கிவிட்டது. கம்பத்தில் மிலோவானின் படம் ஒரு மூலை பிய்ந்து படபடத்தது. விரலால் தேய்த்து ஒட்டிப் பார்த்தாள், ஒட்டவில்லை. மேட்டில் ஏறத் தொடங்கும்போது கடைசியாக ஒருமுறை என்று காதில் செருகிக்கொண்டாள். டிரைவர்கள் நேற்று ஆளுக்கொன்று சேர்த்திருந்தார்கள். எல்லாமே கல்யாணப் பாட்டு. காதல் தோல்விக்காரன்கூடக் கல்யாணப் பாட்டு போட்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசியில் தன் பாட்டுக்குப் போனாள். மிலோவான் சேர்த்த பாட்டு. அக்கார்டியன் எடுத்த எடுப்பிலேயே ஓடத் தொடங்கியது. செத்துப்போன பாதங்களோடு, கூடையும் பையுமாக, அவள் அதன் வேகத்துக்கு நடக்கப் பார்த்தாள்.

பாதி மேட்டில் பாட்டு நின்றது.

டவர் போய்விட்டது என்று நினைத்துப் போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் எழுதியிருந்தது: 'இப்போது மிலோவானின் போனில் ஒலிக்கிறது.'

பிடுங்கிட்டியா என்று விரல் தானாகவே எழுதப் போனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே ராஸ்பெர்ரிக் கொடிகளின் கம்பி வரிசைகளுக்கு அப்பால் வீடு தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. வேலிக்கு வெளியே, பாதையோரத்தில், காலிப் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தெசாங்கா உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியை ஒரு பக்கம் ஒதுக்கி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். இங்கிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. கறுப்புச் சப்பாத்துகளில் ஒன்று மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது.

வெரித்சா மேலே போகவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாதையோரத்துப் புல்லில் உட்கார்ந்தாள். ஒன்றும் பாடாத அந்த இயர்போன்கள் இரண்டையும் காதிலிருந்து எடுக்காமல், அந்தக் கால் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.